கேட்டில் நின்ற பதினேழு நாள்

ராஜினாமாக் கடிதத்தை யாரும் நம் வசதி பார்த்துக் கொண்டுவந்து தருவதில்லை. கன்டெய்னர் ஏற்ற வேண்டிய வாரத்தில் வரும். ஆடிட்டர் வந்து உட்கார்ந்திருக்கும் மதியத்தில் வரும். அந்த எரிச்சலில் நாம் சொல்லிவிடும் முதல் வார்த்தை இருக்கிறதே, அதைத் திரும்ப எடுக்க முடியாது.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் சட்டப் பிரிவுகளைப் பேசப் போவதில்லை. அவற்றை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் ஒரு மனிதருக்குச் செய்த தவறைச் சொல்கிறேன். பணி ஓய்வு விழாவில் என்னைப் புகழ்ந்து பேசியவர்கள் இதைத்தான் என் துணிச்சலுக்கு உதாரணமாகச் சொன்னார்கள். அவர்களுக்குக் கதையின் பின்பாதி மட்டும்தான் தெரியும். முன்பாதியை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

ஆலங்குடிக்குப் பக்கத்தில் ஒரு நார் மில்லில் பெர்சனல் ஆபீசராக, ஊழியர் விவகாரங்களைப் பார்ப்பவளாக இருந்தேன். தென்னை நார்த்தூளைக் கட்டி கட்டியாக அழுத்தி வெளிநாட்டுக்கு அனுப்புகிற மில். இருநூறு பேர் வேலை பார்த்தார்கள். நான் ஆவூர்க்காரி. டைப்பிஸ்டாகச் சேர்ந்து, படிப்படியாக அந்த நாற்காலிக்கு வந்தவள். அதனாலேயோ என்னவோ, மேலே இருப்பவர்கள் ஒன்று சொன்னால் மறுத்துப் பேசும் பழக்கம் எனக்கு ரொம்ப நாள் வரவில்லை.

செல்வராசு அந்த மில்லின் எலெக்ட்ரீசியன். கீரமங்கலம் பக்கம். நாற்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேச மாட்டார். பிரஸ் மெஷின் நின்றுவிட்டால் எல்லோரும் கத்திக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் காதைப் பக்கத்தில் வைத்து ஒரு நிமிஷம் சும்மா நிற்பார். அப்புறம்தான் பெட்டியைத் திறப்பார். பதின்மூன்று வருஷத்தில் அவர்மேல் ஒரு மெமோ கிடையாது.

ஒரு திங்கட்கிழமை காலை என் மேஜைக்கு வந்து ஒரு கவரை வைத்தார்.

“என்ன செல்வராசு, லீவா?”

“இல்லீங்க மேடம். வேலைய விட்டு நின்டுக்கலாம்னு இருக்கேன். ஆர்டர்ல போட்டிருக்க மாதிரி ஒரு மாசம் முன்னாடியே எழுதிக் குடுத்திருக்கேன். அதுக்குள்ள புதுசா வர்ற ஆளுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டுப் போறேன்.”

கடிதம் ஒழுங்காக இருந்தது. அடுத்த மாதம் இதே தேதிவரை வேலை பார்ப்பதாகவும், அதன் பிறகு விடுவிக்கும்படியும் எழுதியிருந்தார். எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். பேராவூரணிப் பக்கம் இதே மாதிரி புது மில் ஒன்று வருகிறது, நம் ஆட்களை அதிகச் சம்பளம் சொல்லி இழுக்கிறார்கள் என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. இவரும் அங்கேதான் போகிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மேனேஜரிடம் கடிதத்தைக் கொடுத்தபோது அதையும் சேர்த்துச் சொன்னேன். என் முதல் தவறு அது. காதில் விழுந்ததை ஃபைலில் இருப்பதைப்போலச் சொன்னேன்.

மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். அந்த மாதம் இரண்டு ஏற்றுமதி தள்ளிப்போயிருந்தது.

“நம்ம போர்டு, ஒயரிங் எல்லாம் தெரிஞ்ச ஆளு. போறவனை இன்னும் ஒரு மாசம் உள்ள விட்டு வச்சா, நாளைக்கு எதைக் கழட்டுவான் எதை மாட்டுவான்னு யாரு பாக்குறது? இன்னைக்கே அனுப்பிருங்க மேடம்.”

“நாமளா அனுப்பினா ஒரு மாசச் சம்பளம் குடுக்கணும் சார்.”

“நாம எங்க அனுப்புறோம்? அவருதானே போறேன்னு எழுதிக் குடுத்திருக்காரு. நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு வாயால சொல்லிருங்க. வராம இருந்தா, நோட்டீஸ் காலத்துல வரலன்னு அவருகிட்டேர்ந்துதான் ஒரு மாசம் பிடிக்கணும்.”

அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போதே புரிந்தது. உங்களுக்கும் புரிந்திருக்கும். வர வேண்டாம் என்று நாமே சொல்லிவிட்டு, வரவில்லை என்று நாமே எழுதிக்கொள்வது. புரிந்தும் “சரிங்க சார்” என்றேன்.

சாயந்திரம் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் செல்வராசைக் கூப்பிட்டேன். அவரை உட்காரச் சொல்லவில்லை. உட்காரச் சொன்னால் சொல்ல முடியாது என்று தெரிந்தது.

“நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம். கணக்கைப் பின்னாடி முடிச்சுக்கலாம்.”

கையிலிருந்த சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தார்.

“ஒரு மாசம் வேலை பாக்குறேன்னுதான மேடம் எழுதிக் குடுத்தேன்?”

“மேனேஜர் சொல்லிட்டாரு.”

“அப்ப அதை எழுதிக் குடுங்க. வர வேண்டாம்னு நீங்க சொன்னதா ஒரு வரி. நான் போயிர்றேன்.”

“பாத்துச் சொல்றேன்” என்றேன். இருபத்திரண்டு வருஷ வேலையில் நான் எத்தனையோ முறை சொன்ன வார்த்தை. அன்றைக்கு அதை ஒரு பொய்யாகச் சொன்னேன்.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு செல்வராசு கேட்டில் நின்றார். சாப்பாட்டுப் பையுடன், யூனிஃபார்ம் சட்டையுடன். செக்யூரிட்டியாக இருந்தவர் மாரிமுத்து அண்ணன், பட்டாளத்தில் இருந்து வந்தவர். செல்வராசை உள்ளே விடக் கூடாது என்று முந்தின நாளே அவருக்கு உத்தரவு போயிருந்தது. எட்டு மணிச் சங்கு ஊதும்வரை செல்வராசு நின்றார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும்.

என் ஜன்னலில் இருந்து பார்த்தால் கேட் தெரியும். மூன்றாம் நாளிலிருந்து நான் அந்தப் பக்கத்துத் திரையை மூடி வைத்தேன்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் பஸ் தாமதமாகி, நான் சரியாக அவர் நிற்கிற நேரத்துக்குப் போய் இறங்கிவிட்டேன். தப்பிக்க வழியில்லை. அவர்தான் பக்கத்தில் வந்தார்.

“நான் சண்டைக்கு வரல மேடம். நான் வராம இருந்தா, சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டான்னு பேரு வரும். பதிமூணு வருசம் பாத்த எடத்துல அந்தப் பேரு வேண்டாம். ஒரு மாசம் முடியிற வரைக்கும் வந்துட்டுப் போறேன். நீங்க உள்ள விட்டா வேலை பாக்குறேன். விடாட்டி, எழுதிக் குடுங்க.”

“ரெண்டு நாள் பொறுங்க செல்வராசு.”

“பொறுக்குறேன்” என்றார்.

இரண்டு நாளில் நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றும் செய்யவில்லை. ஒருமுறை மேனேஜர் அறைவரை போனேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். நம் வேலையில் பெரிய அநியாயங்கள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. யாரோ ஒருவர் போனில் இருக்கிறார், இன்னொருவர் அதைச் சாக்காக வைத்துத் திரும்பி வருகிறார்.

பதினேழாவது வேலைநாள், சனிக்கிழமை. எட்டு மணிச் சங்கு ஊதிக் கால் மணி நேரம் இருக்கும். மாரிமுத்து அண்ணன் மாடிப்படி ஏறி வந்தார். கேட்டை விட்டு அவர் மேலே வந்து நான் பார்த்ததில்லை.

“மேடம், நம்ம செல்வராசு போயிட்டாருங்க.”

“எங்க போயிட்டாரு?”

“திரும்பிப் போறப்ப முக்கத்துல டிப்பர் அடிச்சிருச்சு. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு.”

உள்ளே விட்டிருந்தால் அந்த நேரத்துக்கு அவர் சுவிட்ச் போர்டு ரூமில் இருந்திருப்பார். இந்தக் கணக்கை அன்று நான் போட்டேன். இன்றைக்கும் போடுகிறேன். எந்தப் பக்கம் போட்டாலும் விடை அதேதான்.

பத்து மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

“ரிலீவிங் லெட்டர் குடுத்தாச்சா?”

“இல்ல சார்.”

“நல்ல வேளை. அவரு ராஜினாமா குடுத்த தேதியிலேயே ரிலீவ் பண்ணதா ஒண்ணு டைப் பண்ணி ஃபைல்ல வச்சிருங்க. இல்லன்னா வேலையில இருந்தவரை ஏன் உள்ள விடலன்னு இன்சூரன்ஸ்காரன் கேப்பான். அப்புறம் லேபர் ஆபீஸ். முதலாளிக்கு நான் என்னங்க பதில் சொல்றது?”

ஊழியர்கள் எல்லோருக்கும் சேர்த்து மில் ஒரு விபத்துக் காப்பீடு எடுத்திருந்தது. மில்லின் வேலையில் இருக்கும் ஆள் எங்கே விபத்தில் இறந்தாலும் குடும்பத்துக்குப் பணம் வரும். வேலையை விட்டவருக்கு ஒன்றும் கிடையாது. அந்த ஒரு தாள் ஃபைலுக்குள் போனால், செல்வராசு இறந்த அன்று எங்களுக்கு யாரோ ஒருவர். போகாவிட்டால், எங்கள் ஆள்.

நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். இதைத்தான் யாரிடமும் சொன்னதில்லை: அந்தக் கடிதத்தை நான் டைப் செய்தேன். பழைய தேதி போட்டேன். பெயர் போட்டேன். “இன்றுடன் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்” என்ற வரி வரைக்கும் வந்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. பழகிய கை.

அப்போது மாரிமுத்து அண்ணன் மறுபடியும் வந்தார். கையில் விசிட்டர் நோட்டு. கூடவே ஒரு துண்டுத் தாள்.

“மேனேஜர் இந்த நோட்டைக் கேட்டு ஆளு அனுப்பிச்சாரு. ஆபீஸ் ரெக்கார்டு ஒங்க பொறுப்புன்னுதான எனக்குச் சொல்லியிருக்கு. அதனால ஒங்ககிட்ட ஒப்படைக்கிறேன். வாங்கிக்கிட்டதா இதுல கையெழுத்துப் போடுங்க.”

“இந்த நோட்டுல என்ன அண்ணே இருக்கு?”

“அந்த ஆளு தெனமும் வந்து நின்டுட்டுப் போறாரு. கேட்டுக்கு வர்றவன் பேரை எழுதாம விட எனக்கு உத்தரவு இல்ல. எழுதிட்டுப் போங்கன்னேன். எழுதுனாரு.”

துண்டுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பொத்தானைப் போட்டுக்கொண்டு கீழே போய்விட்டார்.

நோட்டைத் திறந்தேன். லாரி டிரைவர்கள், ஸ்பேர் பார்ட்ஸ் விற்பவர்கள், தண்ணீர் கேன்காரர். அவர்களுக்கு நடுவே ஒவ்வொரு நாளும் ஒரே கையெழுத்து. பெயர், செல்வராசு. நேரம், ஏழே முக்கால். யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் ஒரு கோடு. வந்த காரணம் என்ற கட்டத்தில் ஒரே வார்த்தை: வேலைக்கு. பதினேழு நாளும் அதே. கடைசி வரி அன்றைக்குக் காலையில் எழுதியது.

நான் அழவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த மனிதர் என்னிடம் கேட்டது ஒரு வரி. நான் தராத அந்த ஒரு வரியை அவரே தினமும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

டைப் செய்ததை அழித்தேன். நோட்டை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் போனில் இருந்தார். இந்த முறை காத்திருந்தேன்.

“லெட்டர் போட முடியாது சார்.”

“ஏன்?”

“அவரை ரிலீவ் பண்ணல. தெனமும் வேலைக்கு வந்திருக்காரு. நான்தான் வர வேண்டாம்னு சொன்னேன். அப்படியே எழுதப் போறேன்.”

“எழுதுனா மொதல் கேள்வி ஒங்களத்தான் கேப்பாங்க மேடம். ஒங்க வேலைக்கே வேட்டு.”

“கேக்கட்டும் சார்.”

“நான் சொன்னேன்னு எழுதுவீங்களா?”

அவருக்கும் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் இருந்தார்கள்.

“நீங்க சொன்னதையும் எழுதுவேன். நான் சரின்னு சொன்னதையும் எழுதுவேன்” என்றேன்.

மூன்றாம் நாள் மாரிமுத்து அண்ணனையும் அழைத்துக்கொண்டு செல்வராசு வீட்டுக்குப் போனேன். மில்லில் இருந்து வேறு யாரும் வரவில்லை. அவர் மனைவி பாக்கியம் எங்களை உட்காரச் சொன்னார். அந்த நிலையிலும் சொன்னார். உள்சுவரில் புது போர்டு ஒன்று சாய்த்து வைத்திருந்தது. மோட்டார் ரீவைண்டிங் என்று பெரிதாக எழுதி, அதன் கீழே செல்வராசு பெயரும் அவர் தம்பி பெயரும். தம்பி சிங்கப்பூரில் இருந்து திரும்பிவிட்டாராம். அண்ணன் தம்பி சேர்ந்து கீரமங்கலத்தில் கடை போட இடம் பிடித்திருந்தார்கள். அடுத்த மாதம் திறப்பு. பேராவூரணி மில்லும் இல்லை, ஒன்றும் இல்லை.

நான் கொண்டுபோன விண்ணப்பத்தைக் காட்டி, எங்கெங்கே கையெழுத்து என்று சொன்னேன். பாக்கியம் போடவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்:

“இதுல அவரை என்னன்னு எழுதியிருக்கீங்க? வேலைய விட்டவர்னா, வேலையில இருந்தவர்னா?”

“வேலையில இருந்தவர்னு எழுதியிருக்கேன்ம்மா. தெனமும் வந்தாரு, நாங்கதான் உள்ள விடலன்னு எழுதியிருக்கேன்.”

அவர் சத்தம் போடவில்லை.

“இதைத்தானேங்க அவரு கேட்டாரு. அவரு இருக்கயில எழுதியிருக்கக் கூடாதா?”

மாரிமுத்து அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கேள்விக்கு உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் சொல்லுங்கள். நான் இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருச்சியில் இருந்து காப்பீட்டு அதிகாரி வந்தார். அட்டெண்டன்ஸில் பதினேழு நாள் ஆப்சென்ட் இருக்கிறதே என்றார். என் வாக்குமூலத்தையும் விசிட்டர் நோட்டையும் வைத்தேன். இரண்டையும் படித்துவிட்டு, “இதை நீங்களா எழுதுனீங்க? யாரும் கட்டாயப்படுத்தலையே?” என்று இரண்டு தடவை கேட்டார். முதலாளி ஊரில் இருந்து வந்து என்னையும் மேனேஜரையும் எதிரெதிரே உட்கார வைத்து விசாரித்தார். இருவருக்கும் மெமோ. எனக்கு அந்த வருஷ இன்கிரிமென்ட் நின்றது. மேனேஜர் இரண்டு வருஷம் என்னோடு வேலைக்கு வேண்டிய அளவுக்கு மேல் பேசவில்லை. பிடிப்பதாக இருந்த ஒரு மாதச் சம்பளத்தைப் பிடிக்காமல், நோட்டீஸ் காலத்துச் சம்பளத்தோடு சேர்த்து பாக்கியத்துக்குக் கொடுத்தார்கள். காப்பீட்டுப் பணம் ஏழு மாதம் இழுத்து வந்தது.

வேலைக்கு வேட்டு வரவில்லை. வந்திருந்தால் ஒருவேளை எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ராஜினாமா கொடுத்த ஆள் அன்றே நமக்கு அந்நியராகிவிடுவதில்லை. கடைசி நாள் சாயந்திரம்வரை அவர் நம் ஆள். அவரிடம் வாயால் சொல்லத் துணிகிற எதையும் தாளில் எழுதத் துணிய வேண்டும். எழுதக் கை கூசினால், அதைச் சொல்லவும் கூடாது. பின்னால் உண்மையை எழுதியதற்காக என்னைப் பாராட்டாதீர்கள். அதை எழுத வேண்டிய நாள் ஒரு திங்கட்கிழமை. நான் எழுதியது ஒருவர் செத்த பிறகு.

பணம் வந்து சில வாரம் கழித்து பாக்கியம் ஆபீசுக்கு வந்தார். கையெழுத்து ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று நான் ஃபைலை எடுத்தேன்.

“அதெல்லாம் முடிஞ்சிருச்சுங்க. அவரு இங்க வேலை பாத்தாருன்னு ஒரு சர்டிபிகேட் வேணும்.”

“எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டா? எங்கயாவது கேட்டாங்களாம்மா?”

“யாரும் கேக்கல. வீட்டுல இருக்கட்டும்னுதான்.”

இறந்தவருக்கு அனுபவச் சான்றிதழ் கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. வழக்கமான படிவம் இங்கிலீஷில் இருந்தது. அதைத் திறந்ததும் அவர், “தமிழ்ல அடிக்க முடியுங்களா? நானே வாசிப்பேன்” என்றார்.

படிவத்தை மூடிவிட்டு நானே எழுதினேன். எலெக்ட்ரீசியனாகப் பதின்மூன்று ஆண்டுகள் பணியாற்றினார். பணியில் இருந்த கடைசி நாள் என்ற இடத்தில் அந்தச் சனிக்கிழமையின் தேதி. நடத்தை, மிக நன்று. அச்செடுத்துக் கொடுத்தேன்.

பாக்கியம் நின்றபடியே, எழுத்துக்கு அடியில் விரலை வைத்து, உதடு அசைய வாசித்தார். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது.

“பதிமூணு இல்லீங்க, பதினாலு. மொத வருசம் காண்ட்ராக்ட் ஆளாத்தான் உள்ள வந்தாரு. எங்களுக்குக் கல்யாணம் ஆன வருசம்.”

காண்ட்ராக்டில் இருந்த வருஷத்தை மில்லின் கணக்கு சேர்க்காது. ஃபைலில் பதின்மூன்றுதான் இருந்தது. ஆனால் அந்த வருஷமும் அவர் இதே கேட் வழியாக வந்து, இதே மெஷின்களுக்குத்தான் வேலை பார்த்திருக்கிறார்.

தாளை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, பதினான்கு என்று திருத்தி, மறுபடி அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தேன். மசி காயும்வரை அவர் அதை மடிக்காமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார்.